தோல் நிறம், நாலு லிட்டர்

ஐஸ் கம்பெனிச் சுவரில் படம் எழுத
பேரூராட்சியில் பணம் ஒதுக்கியிருந்தார்கள்.
மேலே, "நிறம் பார்த்துப் பழகாதே" என்று பெரிய எழுத்து.
கீழே மனிதர்கள். எத்தனை பேர் என்பது
எழுதுகிறவர் இஷ்டம்.

எழுதுகிறவள் நிரோஜினி.
முகாமில் பிறந்து இருபத்துமூன்று வயதாகிறது.
மண்டபத்தைத் தாண்டி வேறு ஊரில் தூங்கியறியாத
யாழ்ப்பாணத்துக்காரி.

என் கடையில் பெயின்ட் கலக்கும் எந்திரம் உண்டு.
எண்ணைத் தட்டினால் சொட்டுச் சொட்டாய்ச் சாயம் இறங்கும்,
மூடிக் குலுக்கினால் முடிந்தது.
"தோல் நிறம், நாலு லிட்டர்" என்றாள்.
தட்டினேன். குலுக்கினேன். திறந்தேன்.
வெளிறிய ரோஸ்.
இந்தக் கரையில் அந்த நிறத்தில்
நான் பார்த்தது உரித்த இறால் மட்டும்தான்.

எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"அண்ணை, இது ஆற்ற தோல்?"

ஆற்ற.
'யாருடைய' என்பதற்கு அவள் வீட்டில் அந்தச் சொல்.
எங்களுக்கு அது காயத்தோடு சேர்ந்து வருவது.
பதில் சொல்லாமல் துணியில் கை துடைத்தேன்.

மறுநாள் ஆட்களோடு வந்தாள்.
பாசிக்குப் போய்த் திரும்பிய ராக்காச்சி,
விரல்களில் சுற்றிய துணி இன்னும் சொட்டிக்கொண்டு,
கண்ணாடி கழற்றிய இடத்தில் இரண்டு வெளுத்த வட்டம்.
வலை பொத்துகிற செபமாலை.
ஐஸ் உடைக்கிற சீனிகாதர்.
கல்லாப்பெட்டி ஓரம் வரிசையாய்க் கைகளை வைத்தார்கள்,
ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள்போல்.

எந்திரத்தில் அவர்களுக்கு எண் இல்லை.
வத்தையின் அடிக்குப் பூசும் செங்காவி,
கறுப்பு, கொஞ்சம் மஞ்சள்,
குச்சியால் கலக்கிக் கலக்கி
கையோடு வைத்துப் பார்த்தோம்.
ராக்காச்சியின் முழங்கைக்கு
ஒரு சொட்டு நீலம் வேண்டும் என்றாள் நிரோஜினி.
நான் நம்பவில்லை.
விட்ட பிறகு
எது டப்பா, எது கை என்று தெரியவில்லை.

கிள்ளானில் கையுறைக் கம்பெனியில் ஏழு வருடம் இருந்தேன்.
என்னைக் கூப்பிட மேற்பார்வையாளன்
ஒரு சொல் வைத்திருந்தான்.
பெயர் கேட்டதே இல்லை.
அதை வீட்டில்கூடச் சொன்னதில்லை நான்.
ஆனால் ஊர் வந்து கடை திறந்த மாதமே
கல்லாவுக்குப் பின்னால்
எழுதி ஒட்டினேன்:
"முகாம் ஆட்களுக்குக் கடன் இல்லை."
என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அவள் குச்சி சுழற்றியபோதெல்லாம்
என் தோளுக்கு மேலே அது அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

சுவரில் பதினோரு பேர்.
ஆளுயரம். யாரும் சிரிக்கவில்லை,
மீன் ஏலத்தில் நிற்கும் முகம்.
மூன்றாம் வாரம் எவனோ கரியால்
ராக்காச்சி நெஞ்சில் எழுதினான்: கருவாடு.

சுண்ணாம்பு வாளியோடு ஓடி வந்த நிரோஜினியை
ராக்காச்சியே தடுத்தாள்.
"அழிக்காத. வெலையையும் போடு.
ஓசியில திங்கிறவன் தெரிஞ்சுக்கட்டும்."
கீழே, அழகாக, வெள்ளையில்:
கிலோ நானூறு.
அன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் வரை சிரிப்பு.
ராக்காச்சி மட்டும்
சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம்
சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசி மழை, அதன் பின் உப்புக்காற்று.
பதினோரு பேருக்கும் முழங்கால் உதிரத் தொடங்கியது.
பேரூராட்சிப் பணம் இன்னும் வரவில்லை.
வந்து நின்றாள்.
"நாலு லிட்டர் வேணும். காசு பிறகு தரலாமோ?"

அவள் பின்னால் பார்க்கவில்லை. நானும்.
கடன் நோட்டில் புதுப் பக்கம் புரட்டி
நிரோஜினி, மண்டபம் என்று எழுதினேன்.
நிறம் என்று போட்ட இடத்தில் பேனா நின்றது.
காலியாகவே விட்டேன்.

கடை சாத்தும்போது அந்தக் காகிதத்தை இழுத்தேன்.
பசை நல்ல பசை, நானே விற்பது.
பாதிதான் உரிந்தது.
"கடன் இல்லை" கையோடு வந்துவிட்டது.
"முகாம் ஆட்களுக்கு" மட்டும்
இன்னும் ஒட்டியிருக்கிறது,
யாரோ எழுதத் தொடங்கி
முதல் வரியிலேயே நிறுத்திய
கடிதம்போல.